லைசென்ஸ் கேட்காத வண்டி

மருது வண்டி வாங்கிவிட்டார் என்பதை அவனியாபுரத்தில் அவர் தெருக்காரர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. நாற்பத்தொன்பது வயது வரைக்கும் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்தே கே.கே. நகர் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போய்வந்த மனிதர் அவர். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. எந்த ஷோரூமில் எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டாது. அந்தக் கூச்சத்தில், வண்டிப் பேச்சை யார் எடுத்தாலும் "பெட்ரோல் விக்கிற விலைக்கு..." என்று ஆரம்பித்து நழுவிவிடுவார்.

கடைசியில் அவருக்கென்று அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு மினி பைக் வந்து சேர்ந்தது. பேட்டரியில் ஓடுவது. சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட்டு. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது என்பதால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்றியபோது மருதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷோரூம் பெண், "வேர்க்குதா சார்?" என்று ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வண்டிக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். மேலே துடைக்க ஒரு துணி, சக்கரம் துடைக்க ஒரு துணி. சீட்டின் மேல் கம்பெனியில் போட்டுவந்த பாலித்தீன் உறையைப் பிரிக்கவே விடவில்லை. உட்கார்ந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. தெருமுனை திரும்பும் வரை வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடைக்கு நடந்து போவார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நீங்க இம்புட்டுத் திரும்பிப் பாக்கல," என்றாள் அவர் மனைவி ரோகிணி.

லைசென்ஸ் வேண்டாம் என்ற விஷயம்தான் அவருக்கு வினையாக முடிந்தது. அது சொந்தக்காரர்களுக்குள் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் வந்தவன் ரோகிணியின் தம்பி விருமாண்டி. தொண்ணூறு கிலோ ஆள்; வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

"லைசென்ஸே வேணாமாம்ல மச்சான். அப்ப இதுவும் சைக்கிள்தானே. குடுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்."

மச்சினனிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் அந்த வகையறாவில் இல்லை. மருது சாவியைக் கொடுத்தார். முக்காலியில் அண்டாவைத் தூக்கி வைத்த மாதிரி விருமாண்டி ஏறி உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் ஹேண்டில் பாரில் இடிக்க, தெருவைச் சுற்றி வந்தான். வண்டி முழுசாகத்தான் வந்தது. கால் வைக்கும் கம்பியில் மட்டும் ஒரு கீறல். மருது அந்தக் கீறலைக் கட்டைவிரலால் மூன்று தடவை தடவிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "சார்ஜ் இல்லையே." சின்ன மாமனாருக்கும் சார்ஜ் இல்லை, பக்கத்துத் தெருச் சகலைக்கும் சார்ஜ் இல்லை. அந்த வீட்டுக்குக் கரண்டே வருவதில்லையோ என்று ஊர் சந்தேகப்படும் அளவுக்குப் போய்விட்டது. சாவி அவருடைய பனியனுக்குள் தொங்கும் கயிற்றில் ஏறிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மே மாதத்து நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கச்சி தங்கப்பொண்ணு வந்தாள். பெருங்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. புருசன் சுருளி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அண்ணனைப் போலவே அவளும் குள்ளம். ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு நர்சிங் கல்லூரியின் பெண்கள் விடுதியில் பதினோரு வருசமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு வேலை. ஏழரை பஸ்ஸில் போவாள்.

வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விசயத்தைச் சொன்னாள். விடுதியின் பெரிய சமையல்காரம்மா வேலையை விட்டு நின்றுகொள்கிறார். அந்த இடத்துக்கு வார்டன் இவளைக் கேட்டிருக்கிறார். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமையல் முழுவதும் இவள் பொறுப்பு. கையாளுக்கு இரண்டு பேர். ஆனால் ஒன்றாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். ஐந்தரைக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் வெளியாளைப் போட்டுவிடுவேன் என்று வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பதினோரு வருசமா அந்தம்மா வைக்கிற சாம்பாருக்கு நான்தாண்ணே புளி கரைக்கிறேன். அதைவிட நல்லா எனக்கு வைக்கத் தெரியும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறகு குரலைத் தணித்து, "உன் வண்டில கத்துக்கிர்றேண்ணே. ஓட்ட வந்துருச்சுன்னா மொத மாசம் மட்டும் அதுலயே போயிக்கிருவேன். அடுத்த மாசம் நானே ஒண்ணு எடுத்துருவேன். இதுல எனக்கும் கால் எட்டும்ல?" என்றாள்.

மருது தொண்டையைச் செருமினார். "சார்ஜ்..." என்று ஆரம்பித்தார்.

"நேத்துப் பகல் பூரா சார்ஜுலதான கெடந்துச்சு," என்று அடுப்படிக்குள்ளிருந்து ரோகிணியின் குரல் வந்தது.

அன்று சாயங்காலமே தங்கச்சி ஊருக்கு மருது வண்டியில் முன்னால் போக, மற்ற இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். தங்கப்பொண்ணு ஊர்க் கண்மாய் வற்றிக் கிடந்தது. உள்ளே இறுகிப்போன கரம்பை மண் தரை, கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் சீமைக்கருவேலம். ஓட்டிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. மருது அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அதில் இருபது நிமிசம் வண்டியில் எதையெல்லாம் தொடக் கூடாது என்பதற்கே சரியாகப் போனது. தங்கப்பொண்ணு தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கால் இரண்டும் தரையில் ஊன்றின. அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"வலது கைப்பிடிய லேசா உன் பக்கமாத் திருகு. லேசா," என்றார் மருது.

அவள் லேசாகத்தான் திருகினாள். பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் முன்னால் பாய்ந்தது. அவள் பதறிப்போய்க் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். அது இன்னும் வேகமாகப் போனது. இன்னும் பலமாக இழுத்தாள். "ஏய், நில்லு, நில்லு," என்று வண்டியை அதட்டிக்கொண்டே, இரண்டு கையாலும் வலித்துப் பிடித்தபடி, கண்மாய்க் கரைவரைக்கும் நேர்கோட்டில் போய்க் கருவேலம் புதருக்குள் விழுந்தாள்.

மருது ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி ரோகிணி பார்த்ததே இல்லை. புதரை விலக்கிக் குனிந்தார். சக்கரம் இன்னும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தார். குனிந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். ஆமாம், முதலில் அவர் தூக்கியது வண்டியைத்தான்.

தங்கப்பொண்ணு தானாகவே எழுந்து வந்தாள். உள்ளங்கையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "வண்டிக்கு ஒண்ணுமில்லையேண்ணே?" என்று கேட்டாள்.

"மட்கார்டு வெடிச்சிருச்சு. கண்ணாடி போச்சு," என்றார் மருது.

அவள் வண்டியையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் வராதுண்ணே. நாளைக்கு வார்டனம்மாட்ட முடியாதுன்னு சொல்லிர்றேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இரவு வீட்டில் மருதுவுக்குத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு ரோகிணி எதிரே உட்கார்ந்தாள். சண்டை போடும் முகமாக இருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க தங்கச்சி கையில எத்தனை முள்ளு தச்சிருந்துச்சு?"

"தெரியலயே."

"நாலு. நான்தான் எடுத்து விட்டேன். மட்கார்டுல எத்தனை கீறல்?"

மூன்று. இடது பக்கம் இரண்டு, முன்னால் ஒன்று. அவருக்குத் தெரியும்.

படுத்த பிறகு ஒரு சைக்கிள் அவர் நினைப்பில் வந்து நின்றது. அவர் லேப் டெக்னீசியன் படித்த காலத்தில் அப்பா அவருக்கு வாங்கிக்கொடுத்த சைக்கிள். வீட்டுக்கு அது ஒன்றுதான். தங்கம் அப்போது எட்டாவது முடித்திருந்தாள். ஒன்பதாவதுக்கு நாலு கிலோமீட்டர் போக வேண்டும். "ஞாயித்துக்கிழமை மட்டும் குடுண்ணே, கத்துக்கிர்றேன்," என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே தடவைதான். வீல் கோட்டம் விழுந்துவிடும் என்று சொல்லிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் ஒரு வருசம் நடந்து போனாள். அப்புறம் போகவில்லை. வீட்டில் யாரும் அதை ஒரு குற்றமாக எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

அவர் கடைசிப் பரீட்சைக்குப் போன அன்று ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மெயின் ரோட்டில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, வேர்த்து ஊற்ற, வெறுங்காலோடு ஓடிவந்து அதைக் கையில் கொடுத்தவள் அவள்தான். பஸ் நின்றிருந்தது, வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். இன்றைக்கு அவர் தின்கிற சோறு அந்த ஹால் டிக்கெட்டில் வந்தது. அதைப் பற்றி இந்த முப்பது வருசத்தில் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

விடிந்ததும் லேபுக்கு போன் போட்டு அரை நாள் லீவு சொன்னார். ஒடிந்த கண்ணாடியோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு தங்கை ஊருக்குப் போனார். அவள் வார்டனிடம் சொல்லிவிடுவதற்குள் போய்விட வேண்டுமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டியை முதல்முறையாகத் திட்டினார்.

அவள் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. சுருளியின் ஜல்லிக்கட்டுக் காளையைத் தண்ணிக்குப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள். புருசன் லாரியில் திரிந்தால் மாடு யார் பொறுப்பு? அவள் பொறுப்புதான். அவள் தோளைவிட உயரமான திமில் அதற்கு. தொட்டியைக் கண்டதும் மாடு முன்னால் பாய்ந்தது. அவள் குதிகாலை ஊன்றி, மூக்கணாங்கயிற்றைத் தன் பக்கம் ஒரே வெட்டாக வெட்டி இழுத்து, "ஏய், நில்லு," என்றாள். அவ்வளவு பெரிய மாடு கட்டிப்போட்டது மாதிரி நின்றது.

மருது வண்டிக்கு ஸ்டாண்ட் போடவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே?"

"நீ வண்டிய மாடுன்னு நெனைச்சுப் பிடிச்சு இழுக்குற தங்கம். அதான். மாடு இழுத்தா நிக்கும். இது இழுக்க இழுக்க ஓடும். கையை விட்டாத்தான் நிக்கும்."

தங்கப்பொண்ணு யோசித்தாள். "விட்டா நிக்குமா?"

"விட்டா நிக்கும்."

"இதென்னண்ணே கிறுக்குப் பிடிச்சதா இருக்கு," என்றாள். ஆனால் அவள் கண் வண்டிமேல் போய்விட்டது.

மருது பனியனுக்குள் கையை விட்டுக் கயிற்றோடு சாவியை உருவி அவள் கையில் வைத்தார். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தார். வாயில் வந்தது, "வார்டன்ட்ட சொல்லிட்டியா?" என்பது மட்டும்தான்.

"இல்ல. ஏழரை பஸ்ஸுல போயிச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்லாத. ஒண்ணாந் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. நான் தினமும் காலையில வாரேன். நான் கெளம்புனதும் ஏழரை பஸ்ஸப் பிடிச்சிரு."

வந்தார். வெள்ளிக்கிழமைவரை தினமும் இருள் பிரியும் நேரத்துக்கு வந்து, ஏழு மணிவரை கண்மாய்க்குள் அவள் பின்னால் நடந்தும் ஓடியும் பார்த்தார். பதினோரு வருசம் நூற்றிருபது பேருக்குக் காய் நறுக்கிய கை, மற்ற எதிலும் நிதானமானது. வண்டி வேகமெடுத்தால் மட்டும் பழைய புத்தி வந்துவிடும், வலித்து இழுப்பாள். செவ்வாய்க்கிழமை ஒரு முறை விழுந்தாள். அப்போது மருது, வண்டிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவளிடம் போனார். வியாழக்கிழமை இன்னொரு முறை விழுந்தாள். அப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கால் மடங்கிவிட்டதா என்று பிடித்துப் பார்த்து, ரோகிணி கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்துவிட்டு, கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகே வண்டி என்று ஒன்று கிடப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. சீட்டின் பாலித்தீன் உறை எப்போது கிழிந்து பறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, அவர் முன்னால் கையைத் தளர்த்திப் பிரேக்கை மெல்லப் பிடித்து, காலை ஊன்றி நின்றாள். "விட்டுட்டேண்ணே. நின்னுருச்சு பாரு," என்றாள். எட்டாங்கிளாஸ் முடித்த பிள்ளையின் முகம் அது. மருது கரைப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

சனிக்கிழமை கண்மாயை விட்டு ரோட்டுக்கு வந்து, அவர் பின்னால் உட்கார்ந்துகொள்ள, விடுதிவரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பினார்கள். ஞாயிறு சாயங்காலம் வண்டியை அவள் வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு மருதுவும் அங்கேயே தங்கிவிட்டார். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குத் தங்கப்பொண்ணு தலைக்கு ஊற்றி, விபூதி பூசி, அண்ணனின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அது அவளுக்கும் சரியாக இருந்தது. "போன் பண்ணு," என்றார் மருது. "பண்றேன். போயிட்டு வாரேன்," என்றாள். வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு ரேசன் கடை முக்குத் திரும்பி மறைந்தது.

ஐந்தேகாலுக்கு மருது ஒரு தடவை போனைப் பார்த்தார். ஐந்தரைக்குப் பார்த்தார். ஆறு மணிக்குள் எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. இவர் கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை. விமான நிலையத்து ரோட்டில் அந்த நேரத்தில் லாரிகள் எப்படி வரும் என்று நினைத்தார். குறுக்கே நாய் வந்திருக்குமோ என்று நினைத்தார். நாய் வந்து, இவள் பயத்தில் கைப்பிடியை வலித்து இழுத்து... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. தொட்டியடியில் கட்டியிருந்த மாடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மருது அதற்கு ஒரு பிடி வைக்கோலை எடுத்துப் போட்டார். பிறகு இன்னொரு பிடி போட்டார். கடவுளிடம் கேட்கும்போது அதைத் தருகிறேன் இதைத் தருகிறேன் என்று நேர்ந்துகொள்வதுண்டு. அவருக்கு எதுவும் தோன்றவில்லை. புள்ள பத்திரமாப் போய்ச் சேரணும் என்பதை மட்டுமே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஏழு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது போன் அடித்தது.

"அண்ணே, ஆறாவது ஈடு இட்லி இறக்கிட்டேன். சாம்பார் கொதிச்சு இறக்கியாச்சு. பிள்ளைங்க தட்டைத் தூக்கிட்டு வந்துருச்சுக. ஒருத்தி ரெண்டாந்தடவை சாம்பார் கேக்குறா." பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்பிள்ளைகளின் பேச்சும் கேட்டன.

"எப்பப் போயிச் சேந்த?"

"அஞ்சு இருபதுக்கெல்லாம். நான்தான் வாட்ச்மேனையே எழுப்பி விட்டேன்."

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல தங்கம்?"

"மாவு பொங்கி வழியிற மாதிரி இருந்துச்சு. அதைப் பாப்பனா, போனைப் பாப்பனா."

மருது பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"கை காலெல்லாம் நல்லாருக்குல்ல?" என்று கேட்டார்.

"நல்லாருக்குண்ணே. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ அன்னைக்கு எங்கிட்ட வந்து கேட்டியே புள்ள. கேக்க மாட்டேன்னு இருந்துறாம, மறுபடியும் எங்கிட்டயே வந்து கேட்டியே. நீ பெரிய மனுசி தங்கம்."

அந்தப் பக்கம் அவள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் என்று அவர் எதைச் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

"காலையிலயே என்னண்ணே நீ," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, வண்டி எப்பிடி இருக்குன்னு நீ இன்னும் கேக்கவே இல்லையே?" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் மருதுவுக்கு அப்படி ஒரு வண்டி இருப்பது ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அது ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை.

"அது கெடக்கு. நீ போயி அந்தப் பிள்ளைக்குச் சாம்பார ஊத்து," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஏழரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.